கிடைக்குப் போட்ட கையெழுத்து

அன்றைக்கு அங்கே இருந்தது ஐந்து பேர்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. நிலம் அவருடையது. வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவருடைய கணக்கப்பிள்ளை. பேப்பரை அவர்தான் கொண்டுவந்தார்.

அந்த நிலத்தை முதலாளிக்கு விற்றவர். எங்கள் ஊர்க்காரர். விற்ற பிறகு அதே நிலத்துக்குச் சம்பளக் காவலாளாக இருந்தார்.

என் மச்சினன். என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் ஆடும் என் ஆடும் ஒரே மந்தை.

நான்.

வக்கீலம்மா பிற்பாடு என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதுதான். திரும்பத் திரும்பச் சொல்லி அந்த வரிசை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கிடை என்பது வேறொன்றும் இல்லை. ஆட்டு மந்தையை ராத்திரி ஒருவர் நிலத்தில் அடைப்போம். சாணியும் மூத்திரமும் மண்ணில் விழும். மறுநாள் பட்டியைப் பக்கத்தில் நகர்த்துவோம். இப்படியே நிலம் முழுக்க வந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு வேறு உரம் வேண்டாம். எங்கள் அய்யா காலத்தில் இதற்குப் பேச்சுதான். முன்பணம் கைக்கு வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பேப்பர் கிடையாது.

முதலாளி டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவர். எல்லாவற்றுக்கும் பேப்பர் வேண்டும் என்பார். நூறு ரூபாய்ப் பத்திரத்தில் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. எட்டு ஏக்கர். ஆடி முதல் தேதி தொடங்கி, விதைப்புக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டும். முன்பணம் இருபதாயிரம். தவறினால் நஷ்ட ஈடு மூன்று லட்சம். கணக்கப்பிள்ளை வாசித்தார். நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவர் வாசிக்கிற வேகத்துக்கு என் கண் ஓடவில்லை.

வடை வாங்கி வந்திருந்தார்கள். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். பருத்தி போடப் போவதாகச் சொன்னார். இயற்கைப் பருத்தி. திருப்பூரில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளும். மண்ணைச் சோதிப்பார்கள். யூரியா ஒரு கை விழுந்தாலும் தள்ளிவிடுவார்கள். அதனால் ஆட்டுக் கிடையைத்தான் நம்பியிருப்பதாகச் சொன்னார். நான் வடையைத் தின்றுகொண்டே தலையாட்டினேன்.

கணக்கப்பிள்ளை என் மச்சினனைப் பார்த்து, "ஆட்டுட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிருவமாவே?" என்று கேட்டார்.

"அது வயக்காட்டுக்குள்ள வந்து தானாப் போட்டுட்டுப் போயிரும் அண்ணாச்சி. நெலம் பூராம் போடும்" என்றான் அவன்.

முதலாளிகூடச் சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். மச்சினன் பேனாவுக்குக் கை நீட்டினான். ஒருத்தர் போதும் என்று கணக்கப்பிள்ளை பேப்பரை மடித்துவிட்டார்.

ஆனி கடைசியில் ஒரு கிடா மேய்ச்சலில் தனியாக நின்றது. மூக்கில் சளி. மறுநாள் நாலு. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெந்து கிடந்தது. கழிச்சலும் கண்டது. ஆட்டுக்கொல்லி.

அதன் பேரை நாங்கள் மந்தை பக்கத்தில் சொல்வதில்லை. கிடைக்கு நடுவே ஒரு கம்பை ஊன்றி வேப்பங்குழையைக் கட்டுவோம். குழை கட்டிய மந்தை இன்னொருவர் நிலத்தில் கால் வைக்காது. பேசிவைத்த கிடை எல்லாம் அப்படியே நிற்கும். குழை அவிழ்ந்த பிறகு போய்ப் போட்டுக் கொடுப்போம். யாருக்கும் ஆள் அனுப்பக் கூடாது. வாயால் சொல்லி அனுப்பினால் நோயையே அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பியதாகும் என்பார்கள். நிலத்துக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்வார். இது இந்தக் கரிசலில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

குழை கட்டினேன்.

ஆடி பிறந்தது. கணக்கப்பிள்ளை போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வீட்டுக்காரி சோளக்கஞ்சி காய்ச்சி ஆட்டு வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எடுத்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றாள்.

"குழை கட்டியிருக்குல்லா."

"அவிய டவுன்காரவிய."

"நெலம் இங்கனதான இருக்கு" என்றேன்.

போன் அடித்து நின்றது. ஒவ்வொரு நாளும் அடித்து நின்றது.

ஒரு நாள் மத்தியானம் கணக்கப்பிள்ளை பைக்கில் வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார். கம்பில் கட்டிய குழையைப் பார்த்தார். செல்போனை எடுத்தார். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அப்படியே போட்டோ பிடித்தார். போய்விட்டார். எனக்கு மனசு லேசானது. பார்த்துவிட்டார், இனி போன் வராது என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். வரவும் இல்லை.

அந்த ஆடியில் எனக்கு இருபதுக்கு மேல் செத்தது. மச்சினனுக்கும் அதே மாதிரி. ஓடைக் கரையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அப்போதெல்லாம் காற்று மேற்கே இருந்து அடித்துக்கொண்டே இருக்கும். மண் கண்ணில் விழும். ஒரு ஆட்டைப் புதைத்துவிட்டு நிமிர்ந்தால் இன்னொன்று கால் மடக்கிப் படுத்திருக்கும்.

ஆவணி கடைசியில் குழையை அவிழ்த்தோம். மறுநாளே மந்தையை முதலாளி நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். வலை, கம்பு, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கழுதை மேல். விதைப்புக்கு இன்னும் நாள் இருந்தது. ராத்திரிக்கு இரண்டு பட்டியாகப் பிரித்துப் போட்டால் பாதிக்கு மேல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நிலத்தில் முள்கம்பி வேலி. கேட்டில் பூட்டு. காவலாள் உள்ளே நின்றார்.

"விடக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

"குழை நேத்துத்தான் அவுத்தோம்."

"எனக்குத் தெரியும். உத்தரவு அப்படி."

மந்தை கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தோம். அவர் திறக்கவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. திருப்பி ஓட்டினோம்.

புரட்டாசியில் தபால்காரர் ஒரு நீளக் கவர் கொண்டுவந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். வக்கீல் நோட்டீஸ். இரண்டு நாள் எழுத்துக் கூட்டினேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டேன் என்றும், முன்பணம், நஷ்ட ஈடு எல்லாவற்றையும் பதினைந்து நாளில் கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்றும் இருந்தது. பதில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முறிந்தது, அவ்வளவுதான். எங்கள் வழக்கம் அது.

முன்பணம் முழுக்க ஊசிக்கும் மருந்துக்கும் போயிருந்தது. எட்டயபுரம் சந்தைக்கு ஆடு பிடித்துக்கொண்டு போனேன். நோய் கண்டு தேறின மந்தை என்று வியாபாரிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பாதி விலைதான் கேட்டான். கொடுத்தேன். இருபதாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன்.

முதலாளி உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். பணத்தை மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"ஒம்மேல எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது" என்றார். "கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டான். அவன்ட்ட நான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். என்ட்ட நீ போட்டிருக்க. அது அதுபடி நடக்கட்டும்."

நோய் வந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை பணத்தை எண்ணாமல் என் பக்கமே தள்ளினார். "இத வாங்கிட்டா கணக்கு முடிஞ்சதா ஆயிரும் அண்ணாச்சி. எடுத்து வச்சிக்கிடும்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் ஈரம் ஏறிவிட்டால் காலைப் பிடித்து இழுக்கும். டிராக்டர் இறங்காது. முதலாளியின் எட்டு ஏக்கரும் விதைக்காமல் கறுப்பாகக் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். சுற்றி எல்லாம் பச்சை. அது மட்டும் கறுப்பு.

கார்த்திகையில் சம்மன் வந்தது.

வக்கீலம்மாவின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே மாடியில். சின்ன வயது. பேச்சு நிதானமாக இருக்கும். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"நோய் வந்ததை அவங்களுக்கு எப்படித் தெரிவிச்சீங்க?"

"குழை கட்டினேன்."

"சரி. தெரிவிச்சது எப்படி?"

"குழை கட்டினேம்மா."

பேனாவைக் கீழே வைத்தார். வழக்குக் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். கணக்கப்பிள்ளை எடுத்த போட்டோ. கம்பும் குழையும் கலரில் இருந்தன. பக்கத்தில் நான் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். அடியில் எழுதியிருந்ததை அவரே வாசித்தார். பிரதிவாதி ஒப்பந்த வேலையைச் செய்யாமல் ஆடி மாதக் கோயில் கொண்டாட்டத்தில் மகிழ்ச்சியாக ஈடுபட்டிருந்தார் என்று இருந்தது. ஆடியில் டவுனில் தெருவுக்குத் தெரு அம்மனுக்கு வேப்பிலை கட்டியிருக்கும். கணக்கப்பிள்ளை அதைத்தான் நினைத்திருக்கிறார்.

கூட வந்திருந்த வீட்டுக்காரி அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். "சிரிச்சமானிக்குத்தான் இருக்கு" என்றாள்.

ஒப்பந்தத்தை ஒருவர் முறித்தால் மற்றவர் என்னென்ன கேட்கலாம் என்று வக்கீலம்மா விளக்கினார். பேசினபடி செய்து கொடு என்று கேட்கலாம். ஆனால் ஆட்டைக் கொண்டுபோய்ப் படுக்க வை என்று கோர்ட் உத்தரவு போடுவது கஷ்டம், பருவமும் போய்விட்டது. ஒப்பந்தம் வேண்டாம், கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் இருபதாயிரத்தோடு போயிருக்கும். அவர்கள் கேட்டிருப்பது நஷ்ட ஈடு. பேப்பரில் மூன்று லட்சம் என்று எழுதியிருந்தாலும் அது அதிகபட்சம்தான். அவ்வளவு நஷ்டமானது என்று அவர்கள் காட்ட வேண்டும். நஷ்டத்தைக் குறைக்க என்ன முயற்சி செய்தார்கள் என்றும் நாம் கேட்கலாம். வேறு மந்தை தேடினார்களா, சாணி வாங்கினார்களா என்று கேட்கலாம்.

"பருத்தி, திருப்பூர் கம்பெனி எல்லாம் ஒப்பந்தம் போடும்போது உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னாரு."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ஆமா. வடை தின்னுக்கிட்டிருந்தோம்."

அவர் அதையும் எழுதினார். தெரிந்திருந்தால் அந்த நஷ்டமும் என் கணக்கில் வரும் என்று அப்புறம் சொன்னார்.

நோயால் செய்ய முடியாமல் போனது என்று வாதாட இடம் உண்டாம். அதற்கு ஆதாரம் வேண்டும். செத்த ஆட்டுக்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். ஊசி போட்டவர் ஒன்றும் எழுதித் தரவில்லை. தோண்டினால் எலும்பு இருக்கும் என்றேன்.

"எலும்புல நோய் எழுதியிருக்காது அண்ணாச்சி" என்றார்.

மிச்சம் இருந்தது காவலாள்தான். குழை வழக்கமும் அவருக்குத் தெரியும். ஆவணியில் மந்தையைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். அவர் கூண்டில் ஏறி இரண்டையும் சொன்னால் போதும் என்றார் வக்கீலம்மா.

போனேன். வேலி ஓரத்தில் உடைமுள் மரத்தடியில் இருந்தார். தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் நிலத்தைப் பார்த்தார். அது அவர் விற்ற நிலம்.

"நீரு குழை கட்டினதும் பாத்தேன். வந்து நின்னதும் பாத்தேன்" என்றார். "அதச் சொல்லிட்டு நான் மறுநா இங்கன வந்து நிக்க முடியுமாவே?"

"மொதலாளிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"எத? வாய்விட்டுச் சொல்ற சங்கதியா அது?"

நானும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். சம்மன் போட்டு வரவழைக்கலாம், வந்து என்ன சொல்வார் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்று வக்கீலம்மா சொன்னார்.

தை பிறந்தால் நாங்கள் தெற்கே போவோம். ஆற்றுப் பாசனத்தில் நெல் அறுத்திருப்பார்கள். தாளும் புல்லும் இருக்கும். அங்கே கிடை போட்டு, மேய்த்து, கோடை கழித்துத் திரும்புவோம். எங்கள் பக்கம் மாசிக்கு அப்புறம் மண் வெடித்துவிடும். முன்னே மேய்ந்த தரிசெல்லாம் இப்போது சோலார்காரர்கள் வேலி. இங்கே இருந்தால் மந்தை பிழைக்காது. வாய்தா மாசியில் இருந்தது. மணியாச்சியில் ரயில் பிடித்து வந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். ஆட்டை மேய்க்கப் போவதை வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தை பிறந்ததும் கிளம்பினோம். மணியாச்சிக்கு முந்தின ரயில் கேட் அடைத்திருந்தது. மந்தை ரோட்டை அடைத்து நின்றது. பின்னால் இரண்டு லாரி. வீட்டுக்காரி கழுதையோடு ஓரத்தில் நின்றாள். மச்சினன் முன்னால் மணி கட்டின கிடாவைப் பிடித்திருந்தான். அந்தக் கிடா அவனுடையது. மந்தை அதன் பின்னால்தான் போகும்.

லாரிகளுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கணக்கப்பிள்ளை இறங்கினார். கூட ஒருவர், கோர்ட் அமீனா. தலை நரைத்தவர். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"ஆட்ட நிறுத்துங்க" என்றார்.

"நின்னுக்கிட்டுத்தான இருக்கு" என்றான் மச்சினன்.

அமீனா உத்தரவை வாசித்தார். சொத்தை விற்றும், கோர்ட் எல்லைக்கு வெளியே அப்புறப்படுத்தியும் வழக்கை வீணாக்கப் பார்க்கிறேன் என்று முதலாளி தரப்பு மனுப் போட்டிருக்கிறது. மூன்று லட்சத்துக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அதுவரைக்கும் ஆடுகள் ஜப்தி.

"மேயப் போறோம்" என்றேன்.

"அத அங்க வந்து சொல்லுங்க" என்றார். குரலில் கடுப்பு இல்லை.

"எட்டயபுரம் சந்தையில வித்திருக்கீரே" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஒமக்குத் தரத்தான் வித்தேன். நீருதான வாங்கல."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். ரயில் வந்தது. நீளமாகப் போனது. ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கேட் தூக்கினார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பேப்பரில் கையெழுத்து என்னுடையது. அதனால் என் ஆடு மட்டும்தான். என்னுடையதற்கு இடது காதில் வெட்டு. மச்சினனுடையதற்கு வலது காதில். ரோட்டோரத்துக்கு ஓட்டிப் பிரித்தோம். ஒவ்வொன்றாகக் காதைப் பார்த்து அவனுடையதைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினோம். மூன்று நாலு வருஷம் ஒன்றாகப் படுத்த ஆடுகள். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன.

"அத்தான், நான் என்ன செய்ய?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் அக்கா சொன்னாள். "நீ போலே. நின்னா ஒன்னுதும் சேந்து சாவும்."

அவன் மணிக் கிடாவை இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான். மணிச் சத்தம் கேட்டதும் என் ஆடும் கிளம்பியது. நானும் கணக்கப்பிள்ளையும் கம்பைக் குறுக்கே பிடித்து மறித்தோம். அவர் வேட்டியெல்லாம் புழுதி. வீட்டுக்காரி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"வாயில்லாச் சீவனுக்குமா வாய்தா போடுதீங்க?" என்றாள்.

அவர் கம்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அமீனா எண்ணினார். ஆடு அசைந்தது. கணக்கு விட்டுப்போனது. மறுபடி எண்ணினார். கழுதைக்கும் புளிய மரத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக விட்டு நான்தான் எண்ணிக் கொடுத்தேன். எண்பத்தி ஒன்று என்று எழுதினார். ஆடுகளை என் பொறுப்பிலேயே விடுவதாகவும், விற்கவோ, அறுக்கவோ, எல்லை தாண்டி ஓட்டவோ கூடாது என்றும், செத்தால் டாக்டர் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். வடக்கே திரும்பினோம்.

ஜாமீனுக்கு நிலம் உள்ளவர்களைத் தேடினேன். சொந்தக்காரர்கள் பாவம் என்றார்கள். பத்திரத்தை எடுத்துக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கோர்ட் பேப்பரில் பட்டா நம்பர் ஏறினால் திரும்பாது என்று பயம். விற்ற நிலத்துக்கே காவல் இருக்கிற ஆளைப் பக்கத்து வீட்டிலேயே அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நான் யாரையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

வக்கீலம்மா மனுப் போட்டார். கடனுக்காக விவசாயியின் உழவு மாட்டைச் சட்டம் பிடுங்குவதில்லையாம். இந்த ஆளுக்கு ஆடுதான் மாடு, ஏர் எல்லாம் என்று எழுதினார். மேய்ச்சலுக்குக் கொண்டுபோக அனுமதியும் கேட்டார். எதிர்த் தரப்பு பதில் போட நாள் கேட்டது. பதில் போட்டது. அதற்கு எங்கள் பதிலுக்கு ஒரு நாள். பங்குனி ஆனது. அப்புறம் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை.

மண் வெடித்துவிட்டது. கிணறுகளில் தண்ணீர் பாறைக்குப் போய்விட்டது. நாலு ஆட்டை விற்றால் மிச்சத்துக்குத் தீவனம் வாங்கலாம். விற்கக் கூடாது. வீட்டுக்காரியின் கம்மலை அடகு வைத்துக் கடலைக்கொடி வாங்கினோம். தீர்ந்தது. குட்டி போட்ட ஆட்டுக்குப் பால் இல்லை. ஆடு விழுந்தால் நான் சைக்கிளில் போய் டாக்டரைக் கூட்டி வருவேன். அவர் சீட்டு எழுதுவார். பட்டினி என்று எழுதுவதற்கு ஏதோ இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது. எல்லாச் சீட்டிலும் அதே வார்த்தை. வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். வழக்குக் கட்டோடு சேர்ப்பார். கட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

வைகாசியில் கணக்கப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை ஓடையைத் தாண்டிப் பட்டி வரைக்கும் வந்தார். ஆட்டைப் பார்த்தார். முதலாளி ராஜிக்குச் சம்மதிக்கிறார் என்றார்.

"மூணு லட்சமும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். ஆட்ட அப்படியே விட்டுரும். அவிய தீவனம் போட்டுக் காப்பாத்துவாக. நீரே மேய்ச்சிக்கிட்டு இரும். கிடையும் நம்ம நெலத்துலேயே. மாசச் சம்பளம். கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டா கேசு அன்னைக்கே முடிஞ்சிரும்."

நான் விழுந்து கிடந்த குட்டியைத் தூக்கி நிறுத்தினேன்.

"யோசியும். ஆடு கொறையக் கொறைய இந்தப் பேச்சும் கொறையும். மொதலாளிக்கு இதுல ஆசை ஒண்ணும் கெடையாது. உம்ம நல்லதுக்குச் சொல்லுதேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தூரத்தில் அந்த எட்டு ஏக்கர் தெரிந்தது. வேலி ஓரத்தில் காவலாள் நடந்துகொண்டிருந்தார். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருந்தார். ஒரு கோடிக்குப் போய், திரும்பி, இந்தக் கோடிக்கு வந்தார்.

"சம்பளம் எவ்வளவாம்?" என்று வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள்.

அவர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வழக்கு நடக்கட்டும்" என்றேன்.

"எது மிஞ்சுமின்னு நடக்கட்டுங்குதீரு?"

நான் பட்டிப் படலைச் சாத்தினேன். அவர் பைக்கைக் கிளப்பினார். வீட்டுக்காரி வெளியே வந்து அவர் போகிற புழுதியைப் பார்த்தாள். காலிச் சாக்கை உதறி, ஒட்டியிருந்த கடலைக்கொடித் தூளைக் குட்டிகளுக்கு முன்னால் கொட்டினாள்.

கோர்ட் திறந்து முதல் வாய்தாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உயிரோடு இருப்பது எத்தனை என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா. இன்று காலை படலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே விட்டேன். எழ முடியாமல் கிடந்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பத்தி மூன்று.